தொகுப்பு ஆல்பங்கள் வழியே ஆரம்பகால டிஸ்கோ: எங்கே தொடங்கி, எப்படிக் கேட்பது

டிஸ்கோ தொகுப்பு ஆல்பம் ஒன்று கைக்கு வந்தால், பாட்டுப் பட்டியலைப் படிக்கும் முன் அதைத் தொகுத்தது யார் என்று தேடுங்கள். அப்படி ஒரு பெயரே இல்லை, அட்டையில் கண்ணாடி உருண்டையும் ‘70-களின் சூப்பர் ஹிட்ஸ்’ என்ற வரியும்தான் இருக்கின்றன என்றால் தயங்காமல் திருப்பி வைத்துவிடலாம். அதில் இருப்பவை வானொலியில் ஓடித் தேய்ந்த பாட்டுகள். நாம் தேடுவது 1970-க்கும் 1977-க்கும் இடையில் நியூயார்க்கின் சில நடன அறைகளுக்குள் விடிய விடிய ஓடிய பாட்டுகளை. இரண்டு பட்டியலிலும் பொதுவாகச் சில இருக்கும், ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

காரணம் இதுதான். ஆரம்பத்தில் டிஸ்கோ என்று தனியாக ஓர் இசை வகையே கிடையாது. கிளப்பில் பாட்டுகளைத் தேர்ந்து ஓட்டும் டிஜே கையில் இருந்த சோல், ஃபங்க் என்ற கறுப்பின அமெரிக்க இசைகள், லத்தீன், ஆப்பிரிக்க இசைத்தட்டுகள், இடையில் ஒன்றிரண்டு ராக் பாட்டுகள், இவற்றில் எதற்குக் கூட்டம் ஆடியதோ அதுதான் டிஸ்கோ. ஆக, அந்த இசையை உண்டாக்கியதில் பாடியவர்களுக்கு இருக்கும் பங்கு தேர்ந்தெடுத்தவர்களுக்கும் உண்டு. நல்ல தொகுப்பு என்பது ஒரு டிஜேவின் காதை நமக்குக் கடன் கொடுப்பது.

படி 1: முதலில் அறைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

நான்கு இடங்களின் பெயர் தெரிந்தால் போதும், தொகுப்புகளின் அட்டைகள் புரிய ஆரம்பித்துவிடும்.

முதலாவது தி லாஃப்ட். டேவிட் மன்கூசோ என்பவர் மன்ஹாட்டனில் பிராட்வே 647-ஆம் எண்ணில் தான் குடியிருந்த கிடங்கு வீட்டிலேயே 1970 பிப்ரவரி 14 அன்று ஒரு விருந்து வைத்தார். அழைப்பிதழ் உள்ளவர்களுக்கு மட்டும் அனுமதி. மது விற்பனை இல்லை. சாப்பாடும் பழரசமும் உண்டு. ஒலிக்கு கிளிப்ஷ் கம்பெனியின் ஆளுயரக் கொம்பு ஸ்பீக்கர்கள். கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர், தன்பாலீர்ப்பாளர்கள் என்று மற்ற இடங்களில் வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்கள் இங்கே தோளோடு தோள் ஆடினார்கள். மன்கூசோ பிற்காலத்தில் பாட்டுகளை ஒன்றோடொன்று கலப்பதையே விட்டுவிட்டார். ஒரு பாட்டை முதல் நொடி முதல் கடைசி நொடி வரை முழுதாக ஓடவிடுவார், அப்புறம்தான் அடுத்தது.

அவருக்கு நேர் எதிர், ஃபிரான்சிஸ் கிராசோ. பழைய தேவாலயம் ஒன்றில் நடந்த சாங்ச்சுவரி என்ற கிளப்பில், இரண்டு தட்டுகளின் தாளத்தைப் பொருத்தி ஒன்றன் மேல் ஒன்றை ஓட்டிக் காட்டியவர். மூன்றாவது, பதின்ம வயதைக்கூடத் தாண்டாத நிக்கி சியானோ 1973-இல் தொடங்கிய தி கேலரி. அங்கே எடுபிடி வேலை பார்த்த இரண்டு பையன்கள் லாரி லெவனும் ஃபிராங்கி நக்கிள்ஸும். லெவன் பிறகு கிங் தெருவில் பாரடைஸ் கராஜில் 1987 வரை கோலோச்சினார். அதுதான் நான்காவது அறை. நக்கிள்ஸ் சிகாகோவுக்குப் போய் வேர்ஹவுஸ் கிளப்பில் வாசித்தார். டிஸ்கோவிலிருந்து கிளைத்த ‘ஹவுஸ்’ என்ற நடன இசைக்கு அந்தப் பெயர் வந்ததே அந்தக் கிளப்பிலிருந்துதான் என்பார்கள்.

படி 2: காதைப் பழக்க மூன்று பாட்டுகள்

தொகுப்புகளுக்குள் இறங்கும் முன் இந்த மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். செல்போன் ஸ்பீக்கரில் வேண்டாம். பேஸ் கிட்டார் காதில் விழாவிட்டால் பாதிப் பாட்டு போய்விடும்.

எடி கெண்ட்ரிக்ஸ் 1972-இல் பாடிய ‘கேர்ள் யூ நீட் எ சேஞ்ச் ஆஃப் மைண்ட்’. ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும். மூன்று நிமிடப் பாட்டுக்குப் பழகிய காதுக்கு முதல் பாதி சாதாரணமாகத்தான் தெரியும். நடுவில் வாத்தியங்கள் ஒவ்வொன்றாக விலகிக்கொள்ளும். பாட்டு முடிந்தது என்று நினைக்கிற நேரத்தில் தாளம் மட்டும் நின்று விளையாடும். பிறகு போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வருவார்கள், இந்த முறை கொஞ்சம் கூடுதல் சூட்டோடு. ‘பிரேக்’ என்று டிஜேக்கள் சொல்வது இந்த இடத்தைத்தான். ஆடுகளத்தில் கூச்சல் கிளம்புவதும் இங்கேதான். இதை ஒருமுறை அடையாளம் கண்டுவிட்டால் அடுத்து எந்தத் தொகுப்பைக் கேட்டாலும் காது தானாக அதைத் தேடும்.

இரண்டாவது, ஹெரால்ட் மெல்வின் அண்ட் தி புளூ நோட்ஸ் 1973-இல் வெளியிட்ட ‘தி லவ் ஐ லாஸ்ட்’. பாடுபவர் டெடி பெண்டர்கிராஸ். பாட்டை விட்டுவிட்டு டிரம்மை மட்டும் கவனியுங்கள். வாசிப்பவர் ஏர்ல் யங். காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம் நான்கு எண்ணிக்கையிலும் தவறாமல் விழுகிறது. அதற்கு மேலே ஹை-ஹாட் என்ற ஜோடி உலோகத் தட்டு திறந்து மூடி ‘ட்ஸ்’ ‘ட்ஸ்’ என்று மூச்சு விடுகிறது. மெதுவான காதல் சோகப் பாட்டாகத் திட்டமிட்டதை ஸ்டுடியோவில் வேகமாக்கிப் பார்த்திருக்கிறார்கள். சொற்கள் அழுகின்றன, கால் ஆடுகிறது. டிஸ்கோவின் பாதி ரகசியம் இந்த முரண்தான் என்பது என் எண்ணம்.

மூன்றாவது, கேமரூன் நாட்டு சாக்சபோன் கலைஞர் மனு திபாங்கோவின் ‘சோல் மக்கோசா’. 1972-இல் கேமரூனில் நடந்த ஆப்பிரிக்கக் கால்பந்துக் கோப்பைக்காகப் போட்ட பாட்டின் மறுபக்கத்தில் இருந்தது இது. புரூக்ளினில் ஒரு கடையில் தட்டு மன்கூசோ கண்ணில் பட்டது. லாஃப்டில் ஓடியது, அங்கிருந்து வானொலிக்குப் போனது, தட்டுக்குத் தட்டுப்பாடே வந்தது. கடைசியில் அட்லாண்டிக் நிறுவனம் உரிமை வாங்கி வெளியிட, 1973-இல் அமெரிக்காவின் பில்போர்டு ஹிட் பட்டியலில் 35-ஆம் இடம். ஒரு நடன அறை வானொலிக்கு முன்னால் ஓடியதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. அந்த ‘மம-கோ மம-ச’ வரியை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றினால், மைக்கேல் ஜாக்சனிடம் கேட்டிருப்பீர்கள்.

படி 3: அந்தக் காலத்திலேயே வந்த தொகுப்புகள்

இந்தப் படியில்தான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். டாம் மோல்டன் என்ற பெயரை நினைவில் வையுங்கள். இவர் டிஜே அல்ல. நியூயார்க்கை ஒட்டிய ஃபயர் ஐலண்ட் தீவின் ஒரு மதுக்கூடத்தில் பாட்டு மாறும்போதெல்லாம் ஆடுகிறவர்கள் களத்தை விட்டு இறங்குவதைக் கவனித்தார். சரி, நிற்காமல் ஓடுகிற ஒரு டேப் செய்து தருகிறேன் என்று உட்கார்ந்தார். 45 நிமிட டேப்புக்கு 80 மணி நேரம் பிடித்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

அந்த யோசனை 1975-இல் இசைத்தட்டுக்கு வந்தது. பாடகி குளோரியா கேய்னரின் ‘நெவர் கேன் சே குட்பை’ ஆல்பத்தின் முதல் பக்கத்தில் மூன்று பாட்டுகள் இடைவெளி இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று ஓடும். கேய்னருக்கு முதலில் அது பிடிக்கவில்லையாம்: வாத்தியம்தான் ஓடுகிறது, தான் பாடுவது குறைவாக இருக்கிறதே என்று. நியாயமான வருத்தம்தான். ஆனால் வீட்டில் தட்டைப் போட்டுவிட்டு எழுந்து ஆடலாம் என்ற நிலை அங்கேதான் தொடங்கியது.

அதே 1975-இல் செப்டர் நிறுவனம் ‘டிஸ்கோ கோல்ட்’ என்று ஒரு தொகுப்பு போட்டது. தன் கிட்டங்கியில் கிடந்த, பெரிதாக விற்காத சோல் பாட்டுகளை மோல்டனிடம் கொடுத்து நீட்டிக் கொடுக்கச் சொன்னது. பாட்டி ஜோவின் ‘மேக் மீ பிலீவ் இன் யூ’ இதில் இருக்கிறது. எழுதியவர் கர்ட்டிஸ் மேஃபீல்ட். தனிப்பாட்டுத் தட்டாக வந்த பழைய சிங்கிளையும் இந்த வடிவத்தையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். புதிதாக எதையும் பாடவைக்கவில்லை. இருந்த ஒலிப்பதிவிலேயே காங்கா என்ற கைமேளம், டிரம், பேஸ் ஆகியவற்றுக்கு இடம் விட்டு, பாட்டை மூச்சு விட வைத்திருக்கிறார். ரீமிக்ஸ் என்ற கலை பிறந்த இடங்களில் இது ஒன்று.

அடுத்து 1977-இல் வந்த ‘ஃபிலடெல்ஃபியா கிளாசிக்ஸ்’, இரட்டைத் தட்டு. ஃபிலடெல்ஃபியா இண்டர்நேஷனல் நிறுவனத்தின் பாட்டுகளை மோல்டன் மறுபடி கலந்தது. அந்த நிறுவனத்தின் வாத்தியக் குழுவான எம்எஃப்எஸ்பியின் ‘லவ் இஸ் தி மெசேஜ்’ இதில் 11 நிமிடத்தைத் தாண்டும். நியூயார்க் டிஜேக்கள் இதைத் தங்கள் தேசிய கீதம் என்றே சொல்வார்கள். ஒரே ஒரு தொகுப்பு வாங்கத்தான் காசு இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் கைகாட்டுவது இதைத்தான்.

பாட்டு நீண்டதும் பழைய ஏழு அங்குலத் தட்டு போதாமல் போனது. மோல்டன் ஒரு பாட்டைத் தட்டில் வெட்டிப் பதிக்கப் போனபோது ஏழு அங்குல வெற்றுத் தட்டு தீர்ந்துவிட்டது. ஸ்டுடியோப் பொறியாளர் ஹோசே ரோட்ரிகஸ் பெரிய தட்டில் வெட்டிக் கொடுத்தார். ஊசி ஓடும் பள்ளங்களான வரிகள் அகலமாக இருந்ததால் சத்தம் கணீரென்று வந்தது, பேஸ் திடமாக இறங்கியது. அந்தத் தற்செயலிலிருந்து வந்ததுதான் 12 அங்குல சிங்கிள். கடைக்கு வந்த முதல் 12 அங்குலத் தட்டு, 1976-இல் சால்சோல் நிறுவனம் வெளியிட்ட ‘டென் பர்சென்ட்’. பாடியது டபுள் எக்ஸ்போஷர் குழு, கலந்தது வால்டர் கிப்பன்ஸ். ஏழு அங்குலத்தில் ரேடியோவுக்காகச் சுருங்கியிருந்த பாட்டு அதில் ஒன்பது நிமிடத்துக்கு மேல் விரிகிறது.

படி 4: பிற்காலத்தில் தோண்டி எடுத்தவை

1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் ஒரு வானொலி அறிவிப்பாளர் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடி வைத்தார். அதற்குப் பிறகு அமெரிக்க நிறுவனங்கள் அந்தச் சொல்லையே கைகழுவின. மீட்டெடுத்ததில் பெரும்பங்கு லண்டனுக்கு. 90-களின் கடைசியில் அங்கிருந்த சின்னச் சின்ன லேபிள்கள், அதாவது இசைத்தட்டு நிறுவனங்கள், வேலையைக் கையில் எடுத்தன.

நுஃபோனிக் லேபிள் 1999-இல் ‘டேவிட் மன்கூசோ பிரசெண்ட்ஸ் தி லாஃப்ட்’ வெளியிட்டது. அடுத்த ஆண்டே இரண்டாம் தொகுதி. லாஃப்டின் ருசி எப்படிப்பட்டது என்பதற்கு வார் குழுவின் ‘சிட்டி, கண்ட்ரி, சிட்டி’ ஒன்று போதும்: 13 நிமிடம், பாடல் வரி கிடையாது, நகரத்திலிருந்து கிராமத்துக்குப் போய்த் திரும்புகிற மாதிரி வேகம் ஏறி இறங்கும். டிஸ்கோ என்றால் ஒரே தடதடப்பு என்று நம்புகிறவருக்குப் போட்டுக் காட்ட வேண்டிய பாட்டு.

சோல் ஜாஸ் லேபிள் 2004-இல் நிக்கி சியானோவின் கேலரிக்கு ஒரு தொகுப்பு போட்டது, 1973 முதல் 1977 வரை. 2006-இல் ‘எ டாம் மோல்டன் மிக்ஸ்’. லாஃப்டைவிட இவை சூடானவை. குரலும் உருக்கமும் முன்னால் நிற்கும், சோல் பிரியர்கள் இங்கிருந்து தொடங்கலாம். ஸ்ட்ரட் லேபிள் 2000-இல் வெளியிட்ட லாரி லெவனின் ‘லைவ் அட் தி பாரடைஸ் கராஜ்’ வேறு மாதிரி. 1979-இல் அங்கேயே பதிவானது, அன்றைய இரவு அப்படியே ஓடுகிறது. அதே லேபிள் 2010-இல் வால்டர் கிப்பன்ஸுக்காக ‘ஜங்கிள் மியூசிக்’ கொண்டுவந்தது. பிபிஇ லேபிளின் ‘டிஸ்கோ ஸ்பெக்ட்ரம்’ வரிசை சேகரிப்பாளர்களுக்கு உரியது. அரிய தட்டுகள் நிறைய, ஆனால் முதல் அறிமுகத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 1977-இல் வந்த அந்தத் திரைப்பட இசை ஆல்பமும் ஒரு தொகுப்புதான். பீ ஜீஸ் பாட்டுகளைத் தாண்டிப் பின்பக்கங்களுக்குப் போங்கள்: டிராம்ப்ஸ் குழுவின் ‘டிஸ்கோ இன்ஃபெர்னோ’ இருக்கிறது, அதில் டிரம் வாசிப்பது மேலே சொன்ன அதே ஏர்ல் யங். எம்எஃப்எஸ்பி இருக்கிறது. வீட்டில் ஏற்கெனவே இந்த ஆல்பம் இருந்தால் புதிதாகச் செலவே வேண்டாம்.

படி 5: நிமிடக் கணக்கைப் பாருங்கள்

ஒரே பாட்டுக்குக் குறைந்தது மூன்று வடிவங்கள் இருக்கும்: வானொலிக்கான சிங்கிள், ஆல்பம் வடிவம், 12 அங்குல வடிவம். பெயர் ஒன்றுதான், அனுபவம் ஒன்றல்ல. ஸ்ட்ரீமிங் செயலியில் ‘டென் பர்சென்ட்’ மூன்று நிமிடம் என்று காட்டினால் நீங்கள் தேடியது அதுவல்ல.

இன்னொரு வலை, மறுபதிவு. 70-களில் பாடியவர்களையே பல ஆண்டுகள் கழித்து உட்காரவைத்து, கீபோர்டு டிரம்மோடு மறுபடி பாடவைத்துப் பழைய பெயரிலேயே விற்பார்கள். ‘ரீ-ரெக்கார்டட்’ என்று ஒரு மூலையில் எழுதியிருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது. கண்டுபிடிக்க வழி ஹை-ஹாட்டும் வயலின்களும்தான். மறுபதிவில் ஹை-ஹாட் கடிகாரம் போல ஒரே அளவில் அடிக்கும். அசலில் முப்பது பேர் வயலின் இழுக்கும்போது அறையின் காற்று கேட்கும். போலியில் ஒரே ஆள் கீபோர்டு கட்டையை அழுத்திப் பிடித்திருப்பது தெரிந்துவிடும்.

கலந்த தொகுப்பா, கலக்காத தொகுப்பா என்பதும் முக்கியம். டிஜே இடைவிடாமல் கோத்துக் கொடுத்தது இரவின் ஓட்டத்தைக் காட்டும், ஆனால் பாட்டுகளின் தலையும் வாலும் வெட்டுப்படும். கற்றுக்கொள்ளக் கலக்காதது நல்லது. மன்கூசோ கட்சி எது என்று சொல்லத் தேவையில்லை.

இந்தத் தொகுப்புகள் பல ஸ்ட்ரீமிங்கில் முழுதாகக் கிடைக்காது. ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியாக வாங்கிய உரிமம் காலாவதியானால் தொகுப்பே காணாமல் போகும். கவலை வேண்டாம். இசைத்தட்டு விவரங்களைத் திரட்டும் டிஸ்காக்ஸ் தளத்தில் தொகுப்பின் பெயரைத் தேடினால் பாட்டு வரிசையும், பெரும்பாலும் நிமிடக் கணக்கும் கிடைக்கும். அதைப் பார்த்து அதே வரிசையில் உங்கள் செயலியில் பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். தொகுத்தவரின் உழைப்பு பாதி அதில்தான்.

படி 6: பாடகரை விட்டு மற்றவர்களைப் பின்தொடருங்கள்

பிடித்த பாட்டு ஒன்று சிக்கியதும் அதே பாடகரின் மற்ற ஆல்பங்களுக்கு ஓடுவது நம் வழக்கம். டிஸ்கோவில் அது அவ்வளவாகப் பலன் தராது. ஒரே பாட்டோடு மறைந்தவர்கள் இங்கே ஏராளம். டிரம் யார், பேஸ் யார், எந்த ஸ்டுடியோ, கலந்தவர் யார் என்று பாருங்கள். ஏர்ல் யங், பேஸ் கிட்டாருக்கு ரோனி பேக்கர், கிட்டாருக்கு நார்மன் ஹாரிஸ், வைப்ரஃபோனுக்கு வின்ஸ் மொன்டானா, ஒலிப்பதிவுக்கு ஃபிலடெல்ஃபியாவின் சிக்மா சவுண்ட். இதே ஆட்கள்தான் எம்எஃப்எஸ்பி என்ற பெயரிலும், பிறகு சம்பளத் தகராறில் விலகி சால்சோல் ஆர்க்கெஸ்ட்ராவிலும் வாசித்தார்கள்.

நம் பக்கத்துப் பெயர்களும் தட்டுப்படும். 1974-இல் ‘குங் ஃபூ ஃபைட்டிங்’ பாட்டைத் தயாரித்த பித்து, பெங்களூருக்காரர். ஆறு ஆண்டு கழித்து ‘குர்பானி’ படத்தில் நாசியா ஹசனைப் பாடவைத்தவரும் அவரே. பம்பாயில் பிறந்த ஆஷா புத்லியின் ‘ஸ்பேஸ் டாக்’ லாஃப்டில் விரும்பி ஆடிய பாட்டு.

படி 7: ஒருமுறை வட இங்கிலாந்துக்குப் போய் வாருங்கள்

நியூயார்க்கில் இதெல்லாம் நடந்த அதே ஆண்டுகளில் வட இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் இளைஞர்கள் வேறொன்றுக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் 60-களில் வெளிவந்து, யாரும் வாங்காமல் போன வேகமான சோல் பாட்டுகள். ‘நார்தர்ன் சோல்’ என்பது அதன் பெயர். 1973 முதல் 1981 வரை நடந்த விகன் கசினோ அதன் கோயில். டிஜேக்கள் அரிய தட்டின் நடுவில் ஒட்டிய பெயர்த்தாளை மறைத்து, பொய்யாக ஒரு பாடகர் பெயரைச் சொல்லி ஓட்டுவார்கள், போட்டி டிஜே தேடி வாங்கிவிடக் கூடாதே என்று. அப்படிப்பட்ட உலகத்தில் தொகுப்பு ஆல்பம் என்பது ரகசியத்தைப் போட்டு உடைப்பது. 1982-இல் கென்ட் லேபிள் தன் முதல் தொகுப்பான ‘ஃபார் டான்சர்ஸ் ஒன்லி’யோடு அதைத்தான் செய்தது. இன்றும் இந்தப் பக்கத்துக்கு அதன் தொகுப்புகளே நம்பகமானவை. உறைக்குறிப்புகளை வரி விடாமல் படியுங்கள்.

இந்த உலகின் கிரீடம் ஃபிராங்க் வில்சனின் ‘டூ ஐ லவ் யூ’. மோடவுன் நிறுவனம் 1965-இல் அச்சடித்து, வெளியிடாமலே அழித்த தட்டு. தப்பிய ஒரு பிரதி 2009-இல் 25,000 பவுண்டுக்கு மேல் போனது. பாட்டு மட்டும் இன்று பல நார்தர்ன் சோல் தொகுப்புகளில் கிடைக்கும். இனி படி 2-இல் சொன்ன எடி கெண்ட்ரிக்ஸ் பாட்டின் தயாரிப்பாளர் யார் என்று பாருங்கள். அதே ஃபிராங்க் வில்சன். பாடுவதை விட்டுவிட்டுத் தயாரிப்புக்குப் போனவர். நடுவில் வாத்தியங்கள் அடங்கி மறுபடி எழும் அந்த உத்தி தேவாலயத்தில் வளர்ந்ததால் தனக்கு வந்தது என்று பிற்காலத்தில் சொன்னார். அட்லாண்டிக்கின் இரண்டு கரையிலும் ஒருவரையொருவர் அறியாத இரண்டு கூட்டம் ஒரே மனிதரின் பாட்டுக்கு ஆடியிருக்கிறது. இதைத் தொகுப்புகளின் சின்ன எழுத்துகளைப் படிக்காமல் கண்டுபிடிக்க முடியாது.

படி 8: வினைல் வாங்குவதென்றால்

பழைய தட்டுக் கடைகளில் டிஸ்கோ தொகுப்புகள் மலிவாகவே கிடைக்கும். அட்டையைத் திருப்பிப் பாட்டுகளை எண்ணுங்கள். ஒரே தட்டில் இருபது பாட்டு என்றால், கே-டெல் பாணித் தொலைக்காட்சி விளம்பரத் தொகுப்பு அது. இடம் போதாமல் பாட்டுகளைக் குறுக்கியிருப்பார்கள். வரிகள் நெருங்கி பேஸ் மெலிந்துவிடும். ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு பாட்டு என்றால் எடுத்துக் கேட்டுப் பார்க்கலாம்.

தட்டை வெளியே எடுத்து விளக்குக்குச் சாய்த்துப் பிடியுங்கள். நீண்ட பாட்டின் பிரேக் வரும் இடத்தில் வரிகளின் நிறம் மாறித் தெரியும். சத்தம் குறைந்த பகுதி கொஞ்சம் கறுப்பாக இருக்கும். டிஜேக்கள் இருட்டில் டார்ச் அடித்து ஊசியை இறக்க இடம் பார்த்ததும் இப்படித்தான். அந்தக் கறுப்புப் பட்டையில் மட்டும் கீறல்கள் மொய்த்திருந்தால் யாரோ அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டியிருக்கிறார்கள். விலையைக் குறைத்துக் கேளுங்கள், ஆனால் வாங்கிவிடுங்கள்.